‘லைட்’ ஒரு சொல்லா, இரண்டா?

கேள்வி இதுதான்: “லைட் பேக் என்றால் கனமில்லாத பை. லைட் ப்ளூ என்றால் வெளிர்நீலம். இரண்டிலும் இருப்பது ஒரே பெயரடைதானா? அப்படியென்றால் எடைக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? எந்த இடத்தில் எந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வது?”

சம்பந்தம் எதுவும் இல்லை. இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். தமிழில் எண்ணைக் குறிக்கும் ஆறும் நதியைக் குறிக்கும் ஆறும் எப்படியோ, அப்படித்தான் இதுவும். சொற்பிறப்பைக் காட்டும் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து பாருங்கள், எடையைச் சொல்லும் லைட்டுக்கும் வெளிச்சத்தைச் சொல்லும் லைட்டுக்கும் தனித்தனி எண் போட்டுத் தனித்தனிப் பதிவு கொடுத்திருப்பார்கள். ஆனால் பள்ளியில் நமக்கு இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ‘லைட்டுக்கு நிறைய மீனிங் இருக்கு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பிறப்பைப் பார்த்துவிடுவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தின் தென்மேற்கு வழக்கிலேயே இரண்டும் ‘லேயொஹ்ட்’ என்ற ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. அதற்கும் முன்னால், ஜெர்மானிய மொழிகளின் தாய்மொழியில், அவை வேறு வேறாக ஒலித்தவை. ஜெர்மன் மொழி இன்றும் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கனமில்லாததற்கு ‘லைஹ்ட்’, வெளிச்சமானதற்கு ‘லிஹ்ட்’. டச்சு மொழியில் ஆங்கிலத்தைப் போலவே இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘லிஹ்ட்’ ஆகிவிட்டன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும் ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வந்த அந்த ‘ஹ்’ ஒலிக்காக எழுதப்பட்டவை. ஒலி தேய்ந்துபோனது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் இரு குடும்பங்களும் நன்றாகத் தெரியும். எடை லைட்டுக்கு லத்தீனில் உறவுக்காரர் ‘லெவிஸ்’. அந்த லத்தீன் வழியாகத்தான் எலிவேட்டர், ரிலீஃப், நெம்புகோலைக் குறிக்கும் லீவர் எல்லாம் ஆங்கிலத்துக்கு வந்தன. எல்லாவற்றிலும் பாரத்தைக் குறைப்பது அல்லது தூக்குவது என்ற கருத்து இருக்கிறது. வெளிச்ச லைட்டுக்கு லத்தீன் உறவு ‘லுக்ஸ்’, கிரேக்க உறவு வெண்மையைக் குறிக்கும் ‘லியூகோஸ்’. வெள்ளை அணுக்கள் பெருகும் நோய்க்கு லுகேமியா என்று பெயர் வந்தது இந்தக் கிரேக்கச் சொல்லால்தான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எடை லைட்டின் சமஸ்கிருத உறவு ‘லகு’. அதிலிருந்து தமிழுக்கு வந்ததுதான் ‘இலகு’. வெளிச்ச லைட்டின் சமஸ்கிருத உறவு, ஒளிர்தலைக் குறிக்கும் ‘ருச்’ என்ற வேர். அதில் பிறந்த ‘ருசி’ முதலில் ஒளியையும் அழகையும் சொல்லி, பிறகு விருப்பத்தைச் சொல்லி, சுவைக்கு வந்து நின்றது. ஆக, நாம் சாதாரணமாகச் சொல்லும் இலகுவும் ருசியும் இந்த இரண்டு லைட்டுகளின் தூரத்துச் சொந்தங்கள். ஆங்கிலத்தில் அடையாளம் தெரியாமல் ஒன்றாகிப் போன இரண்டும், சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்தபோது ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாமல் வந்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் நுரையீரலுக்கு உள்ள ‘லங்’ என்ற சொல்லும் எடை லைட்டின் வேரிலிருந்து வந்ததே. உடலுறுப்புகளிலேயே கனமற்றது என்பதால் அந்தப் பெயர். ஆடு, மாட்டின் நுரையீரலை இறைச்சிக்கடை ஆங்கிலத்தில் ‘லைட்ஸ்’ என்றே சொல்லும் பழைய வழக்கமும் உண்டு. ரஷ்ய மொழியிலும் நுரையீரலின் பெயர் ‘கனமற்றது’ என்ற சொல்தான். நம் ஆட்கள் அதையே நுரைபோன்ற ஈரல் என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஒரு இடத்தில் எந்த லைட் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்றே ஒன்று: எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். அங்கே ‘ஹெவி’ பொருந்தினால் அது எடை லைட். ‘டார்க்’ பொருந்தினால் அது வெளிச்ச லைட்.

எடை லைட்டின் ராஜ்ஜியம் மிகப் பெரியது. பையில் தொடங்கி, பாரம் என்று எதையெல்லாம் உருவகமாகச் சொல்ல முடியுமோ அங்கெல்லாம் போகும். லைட் மீல் என்றால் வயிற்றை அடைக்காத சாப்பாடு. லைட் டிராஃபிக் என்றால் நெரிசல் இல்லாத சாலை. லைட் சென்டன்ஸ் என்றால் குறைந்த தண்டனை. லைட் ஸ்லீப்பர் என்றால் கோழித் தூக்கம் தூங்குபவர். லைட் ஹார்ட்டட் என்றால் மனசு லேசாக இருப்பது, அதன் எதிர்ப்பக்கம் ஹெவி ஹார்ட், அப்படியே நம்முடைய ‘கனத்த மனம்’. லைட் ஃபிங்கர்ட் என்றால் திருட்டுக் கை. நாம் கை நீளம் என்கிறோம், அவர்கள் விரல் லேசு என்கிறார்கள். லைட் மியூசிக்கைத் தமிழில் மெல்லிசை என்று ஆக்கியவர்கள் எடைப் பக்கத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ‘ஒளி இசை’ என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். கார் ஓட்டுபவர் என்றால் அதில் எல்எம்வி என்று இருக்கும். லைட் மோட்டார் வெஹிக்கிள், அதாவது இலகுரக வாகனம். சட்டப்படி 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகள் இந்த வகையில் வரும். எதிர்ப்பக்கம் ஹெவி வெஹிக்கிள். 2001 ஜனவரி 4-ம் தேதி முதன்முதலாகப் பறந்த தேஜஸ் விமானத்தை லைட் காம்பாட் ஏர்கிராஃப்ட் என்பதும் இதே லைட்தான்.

1854 அக்டோபர் 25 அன்று கிரிமியப் போரில், பாலக்லாவாவில் ரஷ்ய பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்து பேரிழப்பைச் சந்தித்த பிரிட்டிஷ் குதிரைப்படைக்கு லைட் பிரிகேட் என்று பெயர். வேகமான குதிரைகள், இலகுவான ஆயுதங்கள் கொண்ட படை என்று பொருள். அதே நாளில் அதே களத்தில் ஹெவி பிரிகேட் என்ற இன்னொரு படையும் தாக்குதல் நடத்தியது. எதிர்ச்சொல் சோதனைக்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

அணு உலைகளைப் பற்றிப் படிக்கும்போதும் இந்தச் சோதனை கைகொடுக்கும். கூடங்குளம் உலைகள் ‘லைட் வாட்டர்’ வகை என்று படிக்கும்போது ஏதோ ஒளிரும் நீர் என்று தோன்றினால் அது வெளிச்ச லைட் செய்யும் வேலை. உண்மையில் அது நாம் குடிக்கும் தண்ணீரைப் போன்ற சாதாரண நீர், நன்கு சுத்திகரிக்கப்பட்டது, அவ்வளவுதான். கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையத்தில் பயன்படுவது ஹெவி வாட்டர், அதாவது கனநீர். அதில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் இருப்பதால் ஏறத்தாழ 11 சதவீதம் கனம் கூடுதல். கனநீரிலிருந்து பிரித்துக் காட்டத்தான் சாதாரண நீரை ‘லைட்’ என்று சொல்ல வேண்டி வந்தது.

வெளிச்ச லைட்டின் எல்லை சிறியது. நிறம், அறை, பொழுது என்ற மூன்றைத் தாண்டி அது அதிகம் போவதில்லை. லைட் ப்ளூ, லைட் க்ரீன் நமக்குப் பழக்கமானவை. லண்டனில் தேம்ஸ் நதியில் ஆண்டுதோறும் நடக்கும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் அணியை லைட் ப்ளூஸ் என்றும் ஆக்ஸ்போர்டை டார்க் ப்ளூஸ் என்றும் அழைப்பார்கள். அறையைப் பற்றி, “தி ரூம் இஸ் லைட் அண்ட் ஏரி” என்றால் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை. நம்மவர்கள் ஆங்கிலத்தில் இந்தப் பயன்பாடு மிகக் குறைவு. பொழுதைப் பற்றியதும் அப்படித்தான். ‘வெளியே இன்னும் வெளிச்சமா இருக்கு’ என்பதை நாம் ‘தேர் இஸ் லைட் அவுட்சைட்’ என்று பெயர்ச்சொல்லாக்கிச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இயல்பானது “இட் இஸ் ஸ்டில் லைட் அவுட்சைட்” என்பது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்று சரளமாகச் சொல்கிறோம் அல்லவா, அதன் எதிர்ப்பக்கம்தான் ‘இட் இஸ் கெட்டிங் லைட்’.

நிறத்தில் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ‘லைட்’டும் ‘ப்ரைட்’டும் ஒன்றல்ல. லைட் ரெட் என்றால் வெண்மை கலந்த, வெளிறிய சிவப்பு. ப்ரைட் ரெட் என்றால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. வெளிச்சம் என்ற எண்ணத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டால் துணிக்கடையில் கேட்ட நிறம் ஒன்றும் கிடைத்த நிறம் வேறொன்றுமாக இருக்கும்.

இனி, உண்மையிலேயே காசும் உடம்பும் சம்பந்தப்பட்ட இடம்: உணவுப் பொட்டலங்கள். இங்கே இரண்டு லைட்டுகளும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கின்றன, எது எது என்று பொட்டலம் சொல்வதில்லை.

லைட் ஆலிவ் ஆயில் என்று விற்கிறார்கள். உடம்பு இளைக்க நினைப்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். அந்த லைட் நிறத்தையும் சுவையையும் பற்றியது. சுத்திகரித்ததால் நிறம் வெளிறி, ஆலிவின் காரமான மணம் குறைந்திருக்கும். கொழுப்பு என்னவோ அதேதான். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. அதில் லைட்டும் இல்லை, ஹெவியும் இல்லை.

சோயா சாஸ் இன்னும் ஏமாற்றும். ஃப்ரைடு ரைஸ் செய்பவர்களுக்குத் தெரியும், லைட் சோயா, டார்க் சோயா என்று இரண்டு பாட்டில்கள் உண்டு. எதிர்ப்பக்கம் டார்க் என்றே எழுதியிருப்பதால் சந்தேகமே வேண்டாம், இது நிறத்தைச் சொல்லும் லைட். ஆனால் இரத்த அழுத்தம் இருப்பவர்கள் ‘லைட் என்றால் உப்பு கம்மி’ என்று எண்ணி எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் லைட் சோயாவில்தான் உப்புச் சுவை தூக்கலாக இருக்கும். உப்பு குறைவானது வேண்டுமென்றால் சோடியம் குறைவு என்று தனியாக எழுதியிருக்கும் பாட்டிலைத் தேட வேண்டும். இதை யாராவது வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவைத்தால் நல்லது.

லைட் ரோஸ்ட் காபியும் இதே கதை. எதிர்ச்சொல் டார்க் ரோஸ்ட். கொட்டையை எவ்வளவு கருக்க வறுத்தார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. காஃபீன் குறைவு என்று அர்த்தமே இல்லை. லைட் ப்ரவுன் ஷுகரும் நிறத்தைத்தான் சொல்கிறது.

இந்தக் குழப்பம் சட்டம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் 1990-ல் வந்த ஊட்டச்சத்து லேபிள் சட்டத்தைத் தொடர்ந்து, உணவில் ‘லைட்’ என்று போட்டால் பொதுவாகக் கலோரி மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருக்க வேண்டும் அல்லது கொழுப்பு பாதியாகியிருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். நிறத்தையோ தன்மையையோ குறித்தால் ‘நிறத்தில் லைட்’ என்பதுபோல் விளக்கிச் சொல்ல வேண்டும். லைட் ப்ரவுன் ஷுகர் மாதிரி நெடுங்காலமாக வழங்கும் பெயர்களுக்கு மட்டும் விலக்கு. பாருங்கள், இரண்டு சொற்கள் ஒரே வடிவத்தில் இருப்பதால் ஒரு அரசாங்கமே உட்கார்ந்து அவற்றைப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘லைட்’ என்று உரிமை கோர, கலோரியோ கொழுப்பு போன்ற சத்தோ ஒத்த பொருளில் இருப்பதைவிடப் பொதுவாக 30 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும்.

சிகரெட்டில் நடந்தது இதைவிட மோசம். லைட் சிகரெட் என்று பெயர் வைத்ததும் மக்கள் எடை லைட்டின் அத்தனை நல்ல அர்த்தங்களையும் அதன் மேல் ஏற்றிக்கொண்டார்கள்: பாரமில்லாதது, உடம்பைக் கெடுக்காதது என்று. உண்மையில் பல சிகரெட்டுகளின் ஃபில்டரில் நுண்ணிய துளைகள் போட்டு, சோதனை இயந்திரத்தில் தார் அளவு குறைவாகக் காட்ட வைத்தார்கள். புகைப்பவர் இன்னும் ஆழமாக இழுத்தார், விரலால் துளைகளை மறைத்தார், உள்ளே போனது குறையவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2003-லும், அமெரிக்கா 2009-ல் சட்டம் போட்டு 2010-லும் சிகரெட் பெட்டிகளில் இந்தச் சொல்லையே தடை செய்தன. ஒரு பெயரடை அட்டையில் இருக்கக் கூடாது என்று சட்டம் போடும் அளவுக்கு அதற்கு வலு இருந்திருக்கிறது.

இப்போது தமிழர்களுக்கே உரிய சிக்கல். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் புரிந்துகொண்டவர்கூட இதில் வழுக்குகிறார். நாம் ‘லைட்டா’ என்று ஒரு தமிழ்ச் சொல்லை உண்டாக்கி வைத்திருக்கிறோம். ஆம், அது தமிழ்ச் சொல் ஆகிவிட்டது. ‘லைட்டா பசிக்குது’, ‘லைட்டா தலை வலிக்குது’, ‘லைட்டா டவுட்டு’, ‘லைட்டா பயம்’. இங்கெல்லாம் அதன் அர்த்தம் ‘கொஞ்சம்’. ஆங்கில லைட்டுக்கு இந்த வேலை இத்தனை இடங்களில் கிடையாது.

அதனால் விடுப்புக் கடிதத்தில் ‘லைட் ஃபீவர்’ என்று எழுதினால் ஆங்கிலக்காரருக்கு அது விசித்திரமாக இருக்கும். ‘ஸ்லைட் ஃபீவர்’ அல்லது ‘மைல்ட் ஃபீவர்’ என்று எழுத வேண்டும். தலைவலி, இருமல், சளி, சந்தேகம், எல்லாவற்றுக்கும் ஸ்லைட். வாசனை மெல்லியதாக வந்தால் ஃபெயின்ட். சத்தம் மெதுவாகக் கேட்டால் சாஃப்ட் அல்லது ஃபெயின்ட். டீக்கடையில் ‘ஒரு லைட் டீ’ என்று கேட்பது நம் ஊரில் சரியான வழக்கு, டிகாஷன் குறைத்து ஆற்றித் தந்துவிடுவார். ஆங்கிலத்தில் அதற்கு ‘வீக் டீ’ என்று பெயர்.

இதில் மழைக்கும் காற்றுக்கும் விலக்கு உண்டு. லைட் ரெய்ன், லைட் ப்ரீஸ் இரண்டும் சரியான ஆங்கிலம். ஏன்? எதிர்ப்பக்கம் ஹெவி ரெய்ன் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் லைட் ரெய்ன், 64.5 முதல் 115.5 வரை என்றால் ஹெவி ரெய்ன். அறிக்கைகளில் ‘லேசானது முதல் மிதமான மழை’ என்று வருவது இதன் தமிழாக்கம்தான். ஹெவி ஃபீவர் என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை, ஹை ஃபீவர் என்பார்கள். ஹெவி டவுட்டும் கிடையாது. ஆகவே அங்கே லைட்டுக்கும் இடமில்லை. எதிர்ச்சொல் சோதனை இங்கும் பெரும்பாலும் உதவும். ஆனால் ‘ஹெவி கோல்ட்’ என்று கடுஞ்சளியைச் சொல்வார்கள், அதன் எதிர்ப்பக்கம் ஸ்லைட் கோல்ட்தான். இப்படி மீறும் இடங்களைக் காதில் கேட்டுத்தான் பழக வேண்டும்.

அதுபோல ‘டேக் இட் லைட்’ என்பது நம் ஊர் ஆங்கிலம். கவலைப்படாதே என்று சொல்ல வேண்டுமென்றால் ‘டேக் இட் ஈஸி’. அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதே என்றால் ‘டோன்ட் டேக் இட் லைட்லி’.

இடையில் ஒரு எச்சரிக்கை: ஸ்லைட் என்ற சொல்லில் லைட் ஒளிந்திருப்பதைப் பார்த்து உறவு கொண்டாடிவிடாதீர்கள். அது வழுவழுப்பு, சமதளம் என்று பொருள்படும் ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. டிலைட்டும் அப்படித்தான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு லைட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டலை மாற்றிவிட்டார்கள்.

இலக்கணத்தில் இரண்டு லைட்டுகளும் லைட்டர், லைட்டெஸ்ட் என்று ஒரே மாதிரி நடக்கும். வினையாக்கினால் இரண்டுக்கும் லைட்டன் என்றே வரும்: பாரத்தைக் குறைப்பதும் லைட்டன், தலைமுடியின் நிறத்தை வெளிறச் செய்வதும் லைட்டன். வினையெச்சம்போல வரும் லைட்லி மட்டும் பெரும்பாலும் எடைப் பக்கத்துச் சொத்து.

எழுத்தில் குழப்பம் வரும் இடம் துணிமணி, பை, திரைச்சீலை போன்றவை. இவற்றுக்கு எடையும் உண்டு, நிறமும் உண்டு. ‘எ லைட் ஜாக்கெட்’ என்று மட்டும் எழுதினால் பெரும்பாலான வாசகர்கள் மெல்லிய ஜாக்கெட் என்றே எடுத்துக்கொள்வார்கள். நிறத்தைச் சொல்வதென்றால் ‘லைட் கலர்ட்’ என்று நீட்டிச் சொல்லிவிடுவது நல்லது. ‘எ லைட் ப்ளூ பேக்’ என்று எழுதினால் லைட் உடனே ப்ளூவோடு ஒட்டிக்கொள்ளும், வெளிர்நீலப் பை என்று ஆகிவிடும். நடுவில் சிறுகோடு போட்டால் அது இன்னும் உறுதியாகும். கனமில்லாத நீலப் பையைச் சொல்ல லைட்டுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி வைக்கலாம். நான் காற்புள்ளியை நம்பமாட்டேன், அவசரத்தில் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ‘எ லைட்வெயிட் ப்ளூ பேக்’ என்று எழுதிவிடுங்கள்.